நான்கு கட்டங்கள்

ஹங்கேரியப் புவியியலாளர் பால் தெலெகி வரைந்த நிலப்படத்தின் சிவப்பு நிறம் என்னை விடமாட்டேன் என்கிறது. முதல் உலகப் போர் முடிந்து, தோற்ற ஹங்கேரியை எந்தக் கோட்டில் அறுப்பது என்று பாரிஸில் வல்லரசுகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் உருவான படம் அது. ஹங்கேரிய மொழி பேசுவோர் வாழும் இடமெல்லாம் அழுத்தமான சிவப்பு. மற்ற இனத்தாருக்கு மெல்லிய வேறு நிறங்கள். ஆள் அடர்த்தி குறைந்த மலைக்கும் காட்டுக்கும் நிறமே இல்லை, வெள்ளைத் தாள். தாளில் ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால் தரையில் நூறு பேர் என்று கணக்கு. 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களைத்தான் தெலெகி எடுத்துக்கொண்டார், கற்பனையாக எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் மலைச்சரிவுகளில் சிதறி வாழ்ந்த ருமேனியர்களின் நாடு அந்தப் படத்தில் பெரும்பாலும் வெறுமையாகத் தெரிகிறது. நகரங்களில் நெருங்கி வாழ்ந்த ஹங்கேரியர்களின் சிவப்போ ஆறுகளையும் சமவெளிகளையும் நிறைத்து நிற்கிறது. பொய்யான படமாக இருந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். புவியியலை ஆழக் கற்ற ஒருவர், தன் நாட்டை நேசித்த ஒருவர், தனக்குத் தெரிந்த அத்தனை நேர்மையோடும் வரைந்திருக்கிறார். உறுத்துவது அந்த நேர்மைதான். படம் நாட்டைக் காப்பாற்றவுமில்லை. 1920 ஜூன் 4ஆம் தேதி திரியானோன் அரண்மனையில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஹங்கேரி தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தது.

அடுத்த மாதமே தெலெகி பிரதமரானார். ஜப்பான் தீவுகளைக் காட்டும் பழைய நிலப்படங்களைத் தொகுத்து 1909இல் வெளியிட்ட நூலால் ஐரோப்பியப் புவியியல் கழகங்களில் மதிக்கப்பட்டவர் அவர். படிப்பாளி ஒருவர் ஆட்சிக்கு வந்தால் நாட்டுக்கு நல்லது என்று நாமெல்லாம் இன்னும் நம்புகிறோம் அல்லவா? அவருடைய அரசு 1920 செப்டம்பரில் கொண்டுவந்த சட்டம் பல்கலைக்கழக இடங்களுக்கு இனவாரியாக வரம்பு போட்டது. ஒவ்வோர் இனத்துக்கும் மக்கள்தொகையில் என்ன பங்கோ அதே பங்கு வகுப்பறையிலும். சட்ட வாசகத்தில் யூதர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த யூதர்கள் வகுப்பறையிலும் அதற்கு மேல் போகக்கூடாது என்பதே நோக்கம். நிலப்படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அதிக இடைவெளி இல்லை. இரண்டிலும் செய்த காரியம் ஒன்றேதான்: ஆளை எண்ணுவது, எண்ணியதைப் பங்காக்குவது, பங்கை உரிமையின் அளவாக்குவது. 1925இல் சர்வதேச சங்கத்தின் குழுவில் ஒருவராக அவர் மோசுல் போனார், அந்த மாகாணம் துருக்கிக்கா ஈராக்குக்கா என்று அங்கு வாழ்வோரிடம் விசாரித்துச் சொல்வதற்காக. தன் நாட்டை யாரோ கோடு போட்டுக் கிழித்ததைக் கண்டு துடித்தவர் இன்னொருவர் நாட்டுக்குக் கோடு சொல்லப் போன பயணம் அது. 1939இல் மறுபடி பிரதமர். அந்த ஆண்டு மே மாதம், பாட்டன் பாட்டியின் மதத்தைப் பார்த்து யார் யூதர் என்று தீர்மானிக்கும் இரண்டாவது யூதச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் போலந்து நாஜிகளிடம் வீழ்ந்தபோது, எல்லை தாண்டி ஓடிவந்த போலந்துக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவரும் அவர்தான். இந்த இரண்டு செயல்களையும் ஒரே மனிதனுக்குள் எப்படிப் பொருத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஹங்கேரியர்களுக்கும் பிடிபட்டதாகத் தெரியவில்லை, அவருக்குச் சிலை வைப்பதா வேண்டாமா என்று இந்த நூற்றாண்டிலும் சண்டை போட்டார்கள். யூகோஸ்லாவியாவோடு என்றென்றைக்குமான நட்பு உடன்படிக்கை செய்த நான்கே மாதங்களில், அந்த நாட்டைத் தாக்க ஜெர்மன் படைக்கு வழிவிட அவருடைய அரசு இசைந்தது. 1941 ஏப்ரல் 3ஆம் தேதி, சொன்ன சொல்லைக் கோழைத்தனத்தால் மீறிவிட்டோம் என்ற பொருளில் நாட்டுத் தலைவர் ஹோர்த்திக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். அந்தக் கடிதத்தில் யூகோஸ்லாவியாவுக்காக வெட்கப்பட்டார். சட்டங்களுக்காக வெட்கப்பட்டதாக எங்கும் காணோம்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பூச்சரம் வாங்கிக்கொண்டு போகிற ஒருவருக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? எனக்கு இந்தக் கதை சான்சரி லேனில் இருந்த ஒரு வீட்டின் வழியாக வந்தது. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்னம் அங்கே வாழ்ந்தார், புத்தகங்களோடும் மனைவி பிரோஷ்காவோடும். பிரோஷ்கா ஃபெஹேர் ஹங்கேரியப் பெண். இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட ஹங்கேரி, தெலெகியும் அவரைப் போன்றவர்களும் நாட்டை எண்ணி எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்த அந்த ஹங்கேரி, அவர் வளர்ந்த ஊர். ராஜரத்னம் 1915 பிப்ரவரி 25இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, சிரம்பானில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவர். கோலாலம்பூரில் படித்தார், சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்விநிலையத்தில் படித்தார், 1930களின் நடுவில் சட்டம் படிக்க லண்டன் போனார். இருவரும் சந்தித்துக்கொண்டது அங்கே. அமைச்சரின் மனைவி என்ற ஒற்றை வரிக்கு மேல் பிரோஷ்காவைப் பற்றி நம் பக்கங்களில் அதிகம் எழுதப்படவில்லை. அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்று ஊகித்து எழுத நான் துணியமாட்டேன். ஆனால் இனம் பார்க்காத ஒரு குடியரசை உருவாக்க வேண்டும் என்று இந்தத் தீவில் எல்லாரையும்விடப் பிடிவாதமாக நின்ற மனிதரின் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறம், அதற்கு நேர்மாறான ஒரு நாட்டிலிருந்து வந்த பெண் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார் என்பதை வெறும் தற்செயல் என்று தள்ளவும் முடியவில்லை.

1941 டிசம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்த மாதத்தின் முதல் வாரத்தில் பிரிட்டன் ஹங்கேரி மீது போர் அறிவித்தது, லண்டனில் இருந்த ஹங்கேரியர்கள் பகை நாட்டவர் ஆனார்கள். 8ஆம் தேதி விடியுமுன் சிங்கப்பூரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சில வாரங்களில் சிரம்பானும் போனது, மகனுக்குத் தகப்பன் அனுப்பிவந்த பணமும் நின்றது. சட்டப் படிப்பு பாதியில் கிடக்க, ராஜரத்னம் எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். லண்டன் இதழ்களில் கதைகள் எழுதினார், ஜார்ஜ் ஆர்வெல் பணியாற்றிய பிபிசியின் கிழக்குச் சேவைக்கும் எழுதினார். பஞ்சம், வறட்சி, வெட்டுக்கிளிப் படை, கர்ப்பிணிப் பெண்ணின் எதிரில் வந்து நிற்கும் புலி என்று அந்தக் கதைகளின் உலகம் முழுக்கக் கிராமத்து ஏழைகளுடையது. தேசிய நூலகத்தில் அவற்றை வாசித்தபோது எனக்குப் பட்டது, இவற்றை எழுதியவருக்கு மனிதர்களை ஒருவர் ஒருவராகத்தான் பார்க்கத் தெரியும் என்பது. விதைநெல்லைச் சமைப்பதா வைத்திருப்பதா என்று தவிப்பவனுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அந்தப் போர்க்கால லண்டனில், குண்டுவீச்சுக்கு நடுவில், யாழ்ப்பாணத் தமிழரும் ஹங்கேரியப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மகன் வெள்ளைக்காரியைக் கட்டியது சிரம்பான் வீட்டுக்கு எளிதில் செரிக்கவில்லை. அதே 1941இல், தெலெகி இறந்து சில மாதங்களில், புடாபெஸ்ட்டில் மூன்றாவது யூதச் சட்டம் வந்திருந்தது. அது யூதருக்கும் யூதரல்லாதவருக்கும் நடுவே திருமணத்தைத் தடை செய்தது. எண்ணிக்கையில் தொடங்கிய கை இருபது ஆண்டுகளில் மணவறைக்குள் நீண்டுவிட்டது.

போர் முடிந்த சில ஆண்டுகளில் ராஜரத்னம் மனைவியோடு ஊர் திரும்பினார். பத்திரிகையாளரானார், 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1957இல் ரேடியோ மலாயாவுக்கு ஆறு பகுதி நாடகம் ஒன்று எழுதினார், மலாயா என்ற தேசம் உருவாக முடியுமா என்று குரல்கள் மோதிக்கொள்ளும் நாடகம். அவருடைய சிறுகதைகள் லண்டனோடு முடிந்துபோயின. 1959இல் கம்போங் கிளாம் தொகுதியில் வென்று கலாசார அமைச்சரானார். பிறகு பதினைந்து ஆண்டு வெளியுறவு, துணைப் பிரதமர், மூத்த அமைச்சர், 1988இல் ஓய்வு. கதை எழுதியவர் ஆட்சிக்கு வந்ததால் எல்லாம் மென்மையாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் கைதானபோது அவர் அமைச்சரவையில் இருந்தார், அந்த அரசின் பக்கம் நின்றார். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக எழுதிய கையால் பிறகு பத்திரிகைகளின் எல்லையை வரையறுத்தும் பேசினார். அவரை மதிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. 1964 ஜூலை 21இல் மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் செத்தார்கள். அவரைத் தேர்ந்தெடுத்த கம்போங் கிளாம், மலாய்க்காரரும் சீனரும் அரேபியரும் ஜாவானியரும் தமிழ் முஸ்லிம்களும் ஒரே நடைபாதையில் கடை போட்ட வட்டாரம். 1966 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தேசியப் பற்றுறுதியை அவர் எழுதியபோது, இன மொழி மத வேறுபாடுகளைத் தாண்டிய ஒரே மக்கள் என்று சொன்னது நல்லெண்ண வாசகமாக இல்லை. பிணங்களைக் கண்ட பிறகு எழுதியது அது. ஆகஸ்டு மாதம் பள்ளித் திடல்களில் அதை ஓதத் தொடங்கினார்கள். நெஞ்சில் கை வைத்து நான்கு மொழிகளில் இன்றும் ஓதுகிறார்கள்.

ஓதி முடித்து வகுப்புக்குப் போகும் பிள்ளையின் ஆவணத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். வெள்ளைக்காரன் கணக்கெடுப்பிலிருந்து வந்து, சுதந்திர நாட்டின் அடையாள அட்டையில் குடியேறிய கட்டம். உண்மையில் இந்த ஊரின் முதல் திட்டமே இனம் பிரித்த படம்தான். ராஃபிள்ஸின் கட்டளைப்படி லெஃப்டினென்ட் ஜாக்சன் 1820களில் வரைந்தது. ஆற்றின் இந்தப் பக்கம் சீனர், மேலே சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்தியர், அந்தப் பக்கம் ஐரோப்பியர், அப்பால் அரேபியர், பூகிஸ்காரர். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா அந்தப் படத்தில் தமிழருக்கென்று ஒதுக்கிய இடமே இல்லை. மாட்டு வியாபாரமும் சுண்ணாம்புக் காளவாயும் குதிரைப் பந்தயத் திடலும் ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தன. எருமைச் சாலை என்று பொருள்படும் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அந்தப் பிழைப்பின் மிச்சம். யாரும் வரையாமல் தானாக வளர்ந்த ஓர் இடத்துக்கு 1989இல் எல்லை குறித்தார்கள்: லிட்டில் இந்தியா, பாதுகாக்கப்பட்ட வட்டாரம். அதே நாளில் சைனாடவுனுக்கும் கம்போங் கிளாமுக்கும் அந்தத் தகுதி கிடைத்தது. பழைய கடைவீடுகள் இடிபடாமல் தப்பியது அதனால்தான், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அதே 1989இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன ஒதுக்கீடு வந்தது. இன்று இந்தியரும் மற்றவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு வரை இருக்கலாம். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்குவோர் குறைய விலையும் இறங்கும். பிரோஷ்கா இறந்ததும் அந்த ஆண்டுதான்.

இங்கே நான் நிதானமாக நடக்க வேண்டும். தெலெகியின் 6 விழுக்காடும் வீவகவின் 15 விழுக்காடும் ஒன்றல்ல. ஒன்று, ஒரு மக்கள் கூட்டத்தை வெளியே நிறுத்தப் போட்ட வேலி. மற்றொன்று, எல்லாரையும் ஒரே மின்தூக்கியில் ஏற வைக்கச் செய்த ஏற்பாடு. என் மாடியில் மீன் பொரியும் வாசமும் சாம்பிராணியும் பாண்டான் இலையும் கலந்து வருவதற்கு அந்த ஒதுக்கீட்டுக்கும் பங்கு உண்டு. ஒரு பக்கம் தற்கொலையிலும் அதைவிடப் பெரிய கொலையிலும் போய் முடிந்த வரலாறு, மறுபக்கம் அரை நூற்றாண்டாக இனக் கலவரமில்லாத சுற்றுப்புறம். இரண்டையும் சமமாக்கிப் பேசினால் இறந்தவர்களுக்கும் அநீதி, இருப்பவர்களுக்கும் அநீதி. ஆனாலும் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன, நீ யார் என்ற கேள்விக்கு முன்கூட்டியே அச்சிட்ட பதிலில். நல்ல நோக்கத்தோடு எண்ணுகிறவரின் கையிலிருந்து எண் எப்போது நழுவும் என்று யாரால் சொல்ல முடியும்? தன்னளவில் நேர்மையாக வரைந்தவரின் படம் என்பதால்தான் அந்தச் சிவப்பை அத்தனை பேர் நம்பினார்கள்.

என் சங்கடம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நான் எழுதும் இந்த மொழி அந்தக் கட்டத்தால்தான் இங்கே நிற்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி இந்நாட்டுவாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு உலகில் எந்த மொழி நாடாளுமன்றத்திலும் பணத்தாளிலும் ரயில் நிலையப் பலகையிலும் இடம்பிடிக்க முடியும்? இந்தியர் என்ற கட்டம் இருப்பதால் தமிழ் அதிகாரத்துவ மொழி. தமிழ் அதிகாரத்துவ மொழி என்பதால் பள்ளியில் தமிழ் வகுப்பு, தமிழ் முரசு, வானொலி, எனக்கு வாசகர். தமிழ் முரசை நிறுவிய கோ. சாரங்கபாணி 1950களில் தமிழர்களைக் குடியுரிமைப் பதிவுக்கு வாருங்கள் என்று அழைத்ததும், தமிழர் திருநாள் கொண்டாடியதும், எண்ணப்படாதவனுக்குப் பங்கில்லை என்று தெரிந்துதான். அவர் கணக்கு சரியாகவே இருந்தது. ராஜரத்னமோ வேறு பக்கம் போனார். 1980களிலும் 1990களிலும் தாய்மொழிக்கு அழுத்தம் கூடியபோதும், மலாய் முஸ்லிம்களுக்கான மெண்டாக்கி, சீனர்களுக்கான மேம்பாட்டு மன்றம் என்று இனவாரியாகச் சுய உதவி அமைப்புகள் வந்தபோதும், தன் பழைய தோழர்களின் அரசை எதிர்த்தே அவர் பேசினார். இது நாம் எடுத்த உறுதிக்கு எதிரானது என்றார். சிங்கப்பூரர் என்பது பரம்பரையால் வருவதன்று, நம்பிக்கையாலும் தேர்வாலும் வருவது என்பது அவர் நிலை. இதைப் படிக்கும்போதெல்லாம் தலையசைக்கிறேன், அடுத்த நொடியே மனம் கணக்குப் போடுகிறது. அவர் சொன்னபடி நடந்திருந்தால் தமிழ் வகுப்பு இருந்திருக்குமா? கட்டத்தை அழிக்கச் சொல்லி எழுதவும் எனக்குக் கை வரவில்லை, அதைக் கொண்டாடவும் வரவில்லை. ஆங்கிலத்திலேயே சிந்தித்து எழுதிய அவருக்கு இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்று தெரியவில்லை என ஒரு காலத்தில் வாதிட்டுப் பார்த்தேன். அது பலவீனமான வாதம். வட்டுக்கோட்டையில் பிறந்தவரையும் தஞ்சாவூரிலிருந்து வந்தவரையும் மலபார் முஸ்லிமையும் சீக்கியரையும் ஒரே இந்தியராக்கிய கட்டம் அது. அதில் எதை இழந்தோம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

ராஜரத்னத்துக்கும் பிரோஷ்காவுக்கும் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் தகப்பன் வழியில் இந்தியர் என்று பதிந்திருப்பார்கள், ஹங்கேரி எங்கும் வந்திராது. 2011 முதல் கலப்பு மணத்தில் பிறந்தவர்கள் கோடு போட்டு இரண்டு இனங்களையும் எழுதிக்கொள்ளலாம். வீட்டு ஒதுக்கீடு போன்றவற்றுக்கு முன்னால் வருவதே கணக்கு. கட்டம் கொஞ்சம் அகன்றிருக்கிறது என்று இதை வரவேற்கிறேன். அகலாத இடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான்கு கட்டங்களில் எதிலும் எண்ணுவதில்லை, மக்கள்தொகை விழுக்காட்டிலும் அவர்கள் சேர்த்தி இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து இந்த ரயில் சுரங்கங்களைத் தோண்டியவர்கள் அவர்கள். நம்பிக்கையாலும் தேர்வாலும் சிங்கப்பூரர் ஆகலாம் என்று ராஜரத்னம் சொன்னதை அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் எழாது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இங்குள்ள குடிமகளையோ நிரந்தரவாசியையோ அவர் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால், போர்க்கால லண்டனில்கூட அந்த இருவருக்குத் தேவைப்படாத ஒன்று வேண்டும். மனிதவள அமைச்சின் அனுமதி.